கூடலூர் கடலூரான கதை



இராஜபாளையத்தை அடுத்த சோழபுரத்திலே பள்ளி மாணவர் சிலரோடு உரையாடிக்கொண்டிருந்தபோது, அவர்களுள் ஒருவர் என்னை ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, எங்கள் ஊரின் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்கிறோமோ, ஏறக்குறைய அப்படியேதான் ஆங்கிலத்திலும் எழுதுகிறோம். ஆனால் கடலூரின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் ‘கட்டலோர்’ என்று படிக்கும்படி எழுதுகிறார்களே! கடல் என்பது எவ்வளவு எளிய சொல். அதைக்கூட ஆங்கிலேயரால் சரியாக எழுத முடியவில்லையா?” என்றார் அவர்.

கேள்வி சிறியதுதான், விடை அவ்வளவு சிறியதன்று. அன்று நான் அவருக்குச் சுருக்கமாகச் சொன்ன விடை இது: “தம்பி, ஆங்கிலேயர் எழுத முயன்றது கடலூர் என்ற பெயரை அன்று. அவர்கள் காதில் விழுந்த பெயர் கூடலூர்.” அந்த விடையைச் சற்று விரித்துச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

ஊர்ப் பெயர் என்பது கல்லில் வெட்டிய எழுத்தைப்போல நிலையாக நிற்பது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அதற்கு இரண்டு வாழ்க்கைகள் உண்டு. ஏட்டிலே ஒரு வாழ்க்கை. மக்கள் நாவிலே ஒரு வாழ்க்கை. உங்கள் பக்கத்து ஊரையே பாருங்கள். இலக்கிய வழக்கில் அது திருவில்லிபுத்தூர். அரசாங்க ஏட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர். பேருந்து நிலையத்திலே நடத்துநர் கூவி அழைக்கும்போது சீவில்லிபுத்தூர். மூன்றும் ஓர் ஊரே. மூன்றையும் பிழையென்று தள்ள முடியாது. சோழபுரத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே ஓர் ஊருக்குப் பல பெயர் இல்லை. ஒரு பெயருக்குப் பல ஊர் உண்டு. கும்பகோணத்துக்கு அருகிலும் ஒரு சோழபுரம் இருக்கிறது. முதலாம் இராசேந்திரன் தலைநகராக்கிய கங்கைகொண்ட சோழபுரத்தை நாடே அறியும். ஆகவே நீங்கள் வெளியூருக்குச் சென்றால் “இராஜபாளையம் பக்கத்துச் சோழபுரம்” என்று சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. பெயர் எதற்காக ஏற்பட்டதோ அந்தப் பயனைத் தராதபோது, மக்கள் அதனோடு ஏதேனும் ஒன்றைச் சேர்ப்பார்கள். அல்லது அதனையே சிறிது மாற்றிக்கொள்வார்கள். இந்த உண்மையை மனத்திற் கொண்டு, இனிக் கிழக்கே கடற்கரைக்குச் செல்வோம்.

சோழபுரத்தின் ‘புரம்’ உள்நாட்டு ஊர்களிலே பெருவழக்கு. கடற்கரைக்குச் சென்றால் ஊர்ப் பெயர்களின் வாலே மாறிவிடும். வாணிகம் செழித்த கரையூர் பட்டினம் எனப்பட்டது. காவிரிப்பூம்பட்டினமும் நாகப்பட்டினமும் அவ்வாறு வந்தவை. மீனவர் குடியிருப்பு குப்பம் எனப்பட்டது. சந்தையும் தொழிலும் கூடிய இடம் பேட்டை ஆயிற்று. பெயரின் கடைசிச் சொல்லைக் கொண்டே அவ்வூரார் தொடக்கத்தில் என்ன தொழில் செய்தார்கள் என்று ஓரளவு உய்த்துணரலாம்.

கடலூர் நகரத்துக்குள்ளேயே இத்தகைய பெயர்கள் பல அடங்கியிருக்கின்றன. தேவனாம்பட்டினம் என்பது அதன் கடற்கரைப் பகுதி. மஞ்சக்குப்பம் என்பது அரசாங்க அலுவலகங்கள் அமைந்த பகுதி. துறைமுகத்தை ஒட்டிய பழைய நகரம் முதுநகர். திருப்பாதிரிப்புலியூர் தேவாரப் பாடல் பெற்ற தலம். சமணர்களின் பழைய கல்வி நிலையமாகிய பாடலிபுத்திரம் இருந்த இடம் இதுவே என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. பாடலி என்னும் வடசொல்லும் பாதிரி என்னும் தமிழ்ச் சொல்லும் குறிப்பது ஒரே மரத்தையே. பக்கத்திலே கரையேறவிட்ட குப்பம் என்று ஓர் ஊர். கல்லோடு பிணைத்துக் கடலில் இடப்பட்ட திருநாவுக்கரசர் அக்கல்லே தெப்பமாக மிதந்து வந்து கரையேறிய இடம் என்பது அவ்வூரார் நம்பிக்கை. ஓர் ஊரின் பெயரே ஒரு வாக்கியமாக நின்று ஒரு வரலாற்றைச் சொல்வது எத்துணை அழகு!

இவ்வளவு பெயர்களையும் தன்னுள் அடக்கிய நகரத்தின் பொதுப் பெயர் கடலூர். கடலோரத்தில் இருப்பதால் கடலூர் என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் சிறிது எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டின் கடற்கரை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளமுடையது. அதிலே நூற்றுக்கணக்கான ஊர்கள் இருக்கின்றன. கடற்கரையிலே வாழ்பவருக்குக் கடல் ஓர் அடையாளம் ஆகாது; அது எல்லா ஊருக்கும் பொது. ஓர் ஊரை மற்றோர் ஊரினின்றும் பிரித்துக் காட்டும் சிறப்பையே மக்கள் பெயராக வைப்பார்கள். அந்த இடத்தின் சிறப்பு என்ன? அங்கே ஆறுகள் வந்து சேர்கின்றன. வடக்கே தென்பெண்ணை கடலை அடைகிறது. நகரின் நடுவே கெடிலம் ஓடுகிறது. தெற்கேயிருந்து பரவனாறு வருகிறது; கடலை ஒட்டி உப்பனாறு கிடக்கிறது. நீர்கள் கூடும் இடத்துக்குத் தமிழில் கூடல் என்று பெயர். கூடலில் அமைந்த ஊர் கூடலூர்.

இஃது ஊகந்தானா, சான்று உண்டா என்று நீங்கள் கேட்கவேண்டும். கேட்பதே மாணவர்க்கு அழகு. சான்றுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற் சான்று, அதே பெயருடைய பிற ஊர்கள். தேனி மாவட்டத்திலே கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கூடலூர் இருக்கிறது. நீலகிரியிலே மற்றொரு கூடலூர் இருக்கிறது. மதுரைக்கே கூடல் என்பது பழம் பெயர்களுள் ஒன்று. ஆகவே கூடலூர் என்பது தமிழர் இயல்பாக வைக்கும் பெயர் என்பது தெளிவு.

இரண்டாவது சான்று, பிரெஞ்சுக்காரர் எழுதிய பெயர். இவ்வூருக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பது புதுச்சேரி. அங்கே இருந்த பிரெஞ்சுக்காரர் பக்கத்து ஊரின் பெயரைத் தம் மொழியில் ‘கூதெலூர்’ என்றும் ‘கோந்தெலூர்’ என்றும் ஒலிக்குமாறு எழுதினர். ஆங்கிலேயர் காதில் விழுந்த பெயரே பிரெஞ்சுக்காரர் காதிலும் விழுந்தது. இருவரும் வெவ்வேறு முறையில் எழுதினர். பிரெஞ்சு வடிவத்தில் முதலெழுத்து ‘க’ அன்று. ‘கூ’ என்பதற்கு நெருங்கிய ஒலி. பகைவர் இருவர் சொல்லும் சாட்சியம் ஒத்துப்போனால் அதற்கு மதிப்பு மிகுதி அல்லவா?

மூன்றாவதாகக் காட்டவேண்டியது ஒரு கருத்து வேறுபாடு. இந்தியச் சொற்கள் ஆங்கிலத்தில் புகுந்த வரலாற்றைக் கூறும் ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்ற அகராதி 1886ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை ஆக்கியவர்கள் யூல் என்பவரும், தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னல் என்பவரும். அவர்கள் இவ்வூரின் சரியான பெயர் கடலூராகவே இருக்கலாம் என்று கருதினர். 1903ஆம் ஆண்டில் குரூக் என்பவர் அந்த நூலைத் திருத்தி மறுபதிப்பாக வெளியிட்டபோது, சென்னை மாகாணத்துச் சொல்விளக்க நூலை ஆதாரமாகக் காட்டி, ஆறுகள் கூடுவதால் கூடலூர் எனப்பட்டது என்ற விளக்கத்தைச் சேர்த்தார். ஒரே நூலில் இரண்டு கருத்தும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஆற்றின் அமைப்பையும் பிரெஞ்சு வடிவத்தையும் சேர்த்து நோக்கும்போது, கூடலூர் என்பதே வலுவுடையது என்பது என் துணிபு.

சரி, கூடலூர் எவ்வாறு கடலூர் ஆயிற்று? இதை அறிய, ஆங்கிலேயர் அவ்வூருக்கு வந்த கதையைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

உங்கள் பகுதியில் சத்திரப்பட்டி முதலிய ஊர்களிலே தறியின் ஓசை கேட்டு வளர்ந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஆங்கிலேயரைச் சோழமண்டலக் கரைக்கு இழுத்து வந்ததும் அந்தத் தறிதான். தமிழ்நாட்டுப் பருத்தித் துணிக்கு ஐரோப்பாவிலும் கீழ்த்திசைத் தீவுகளிலும் பெரிய கிராக்கி இருந்தது. 1639ஆம் ஆண்டில் சென்னையில் இடம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனியார், துணி கிடைக்கும் பிற துறைகளையும் தேடினர். 1680ஆம் ஆண்டுகளில் கூடலூர்ப் பக்கம் வந்தனர். 1690ஆம் ஆண்டில், செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினர். அப்போது சென்னையில் கம்பெனியின் ஆளுநராக இருந்தவர் எலிகு யேல்.

அந்த விற்பனையில் ஒரு வேடிக்கையான நிபந்தனை இருந்தது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் சேரும் என்பது பேச்சு. நம்மவர் தூரத்தைக் ‘கூப்பிடு தூரம்’ என்று அளந்தார்கள். மனிதக் குரல் எட்டும் அளவு அது. வந்தவர்கள் பீரங்கியின் குரலால் அளந்தார்கள். சென்னையிலிருந்து பீரங்கிக்காரர் வரவழைக்கப்பட்டார். 1690ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நான்கு திசையிலும் குண்டுகள் பறந்தன. அந்த எல்லைக்குள் அடங்கிய ஊர்களெல்லாம் கம்பெனியாருக்கு உரியவை ஆயின. கூடலூரும் அதற்குள் அகப்பட்டது. அந்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயர் நெடுங்காலம் வழங்கிற்று. உழுதவரையும் நெய்தவரையும் மீன் பிடித்தவரையும் ஒரு வார்த்தை கேளாமல் எல்லை வகுத்துவிட்டது ஒரு பீரங்கி. அதன் நினைவு ஒரு பெயராக மக்கள் நாவிலே தங்கிற்று.

வாங்கிய கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள். டேவிட் என்பவர் வேல்ஸ் நாட்டுக் காவற்புனிதர்; யேலின் முன்னோர் அந்நாட்டினர். யேலின் பெயரும் வேறொரு திசையில் பயணம் செய்தது. அவர் 1718ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இருந்த ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கும் 417 புத்தகங்களும் நன்கொடையாக அனுப்பினார். அந்தச் சரக்கை விற்ற பணம் கட்டடம் எழுப்ப உதவிற்று. நன்றிக்கு அடையாளமாகக் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதுவே இன்று உலகப் புகழ் பெற்று விளங்கும் யேல் பல்கலைக்கழகம். சோழமண்டலக் கரை வாணிகத்திலே திரண்ட செல்வம் கடல் கடந்து ஒரு பல்கலைக்கழகத்தின் பெயராக நிற்கிறது. ஆனால் அவர் பேரம் பேசி வாங்கிய கோட்டையின் பெயரைச் சொல்வோர் இன்று அவ்வூரிலே மிகச் சிலர்.

அந்தக் கோட்டை ஒரு காலத்தில் தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக இருந்தது. 1746ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது, ஆங்கிலேயர் புனித டேவிட் கோட்டையைத் தலைமையாகக் கொண்டனர். சென்னையிலிருந்து தப்பி வந்தவர்களுள் இருபத்தொரு வயது எழுத்தர் ஒருவரும் இருந்தார். அவரே பிற்காலத்தில் பெயர் பெற்ற இராபர்ட் கிளைவ். சென்னை திரும்பக் கிடைத்த பின்பும், 1752ஆம் ஆண்டு வரையில் தலைமையிடம் இங்கேயே இருந்தது. 1758ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்தார். பழைய பெருமை அதன்பின் திரும்பவில்லை.

ஊர் மட்டும் பல கை மாறிற்று. 1782ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரும் ஐதர் அலியின் படையும் அதனைப் பிடித்தனர். 1783ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் இவ்வூருக்கு எதிரே கடலிலே ஆங்கிலக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின. ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டு மாதங்கள் பல ஆகியிருந்தும், செய்தி இன்னும் வந்து சேரவில்லை! அமெரிக்க விடுதலைப் போரை ஒட்டி உலகெங்கும் நடந்த சண்டைகளுள் கடைசியானவற்றில் ஒன்று நம் தமிழ்க்கரையிலே நடந்தது என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கும். 1785ஆம் ஆண்டில் ஊர் மறுபடியும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பின்னர்த் தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகராயிற்று. 1918ஆம் ஆண்டு நவம்பரில் பாரதியார் புதுச்சேரியை விட்டு ஆங்கிலேயர் எல்லைக்குள் கால் வைத்ததும் கைது செய்யப்பட்டார். அவர் சிறை வைக்கப்பட்டதும் இவ்வூரில்தான்.

இந்த நீண்ட காலமெல்லாம் கடிதத்திலும் கணக்கிலும் வரைபடத்திலும் ஆங்கிலேயர் எழுதிய பெயரே ஆட்சி செய்தது. அந்தப் பெயரின் இரண்டாம் எழுத்து ஆங்கில ‘யு’. அந்த எழுத்தின் குணம் உங்களுக்குத் தெரியும். ஒரு சொல்லில் ‘புட்’ என்று உகரமாக ஒலிக்கும். மற்றொரு சொல்லில் ‘கட்’ என்று அகரமாக ஒலிக்கும். முதலில் எழுதியவர் ‘கூ’ என்ற ஒலியைக் கருதியே அதனை எழுதியிருக்கவேண்டும். பின்னர் வந்த அதிகாரிகள் காதால் கேளாமல் கண்ணால் படித்தார்கள். ‘கூ’ மறைந்து ‘க’ தோன்றிற்று. ஆங்கிலம் படித்த நம்மவரும் துரைமார் சொன்னதைப்போலவே சொல்லத் தலைப்பட்டனர். அங்கே எதிரே கடல் அலை வீசிக்கொண்டிருந்தது. பொருள் விளங்காத ஒரு பெயருக்குப் பொருள் கற்பித்துக்கொள்வது மக்கள் இயல்பு. கடலோர ஊருக்குக் கடலூர் என்ற பொருள் எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது! அன்றியும், முன்னே சொன்னபடி, தமிழ்நாட்டில் வேறு கூடலூர்களும் இருந்தன. அவற்றினின்றும் பிரித்தறிய இந்த மாற்றம் உதவியாகவும் இருந்தது. இவ்வாறு ஒரு தமிழ்ப் பெயர் ஆங்கிலத்துக்குள் சென்று, வேறொரு தமிழ்ப் பெயராகத் திரும்பி வந்தது என்று கருதுவது பொருந்தும்.

இதே கரையில் உள்ள வேறு இரண்டு துறைமுகங்களோடு இதனை ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். கடலூருக்குத் தெற்கே பரங்கிப்பேட்டை இருக்கிறது. போர்ச்சுக்கீசியர் அதற்குப் ‘போர்ட்டோ நோவோ’, அதாவது புதிய துறை என்று தம் மொழியில் பெயரிட்டனர். ஆங்கிலேயரும் அதனையே வழங்கினர். 1781ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் அங்கே நடந்த போர் வரலாற்று நூல்களில் அந்தப் பெயராலேயே குறிக்கப்படுகிறது. ஆயினும் மக்கள் பரங்கிப்பேட்டை என்றே சொன்னார்கள். அந்நியர் வைத்த பெயர் ஏட்டோடு நின்றது. அந்நியரைக் குறித்து நம்மவர் வைத்த பெயர் நிலைத்தது.

இன்னும் தெற்கே தரங்கம்பாடி. 1620ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டார் அங்கே கோட்டை கட்டினர். 1845ஆம் ஆண்டில் அதனை ஆங்கிலேயருக்கு விற்றனர். ஐரோப்பியர் நாவில் அது ‘டிராங்கபார்’ ஆயிற்று. தரங்கம் என்றால் அலை. அலை பாடும் ஊர் என்று பொருள் சொல்வார்கள். ஆனால் அங்குள்ள மாசிலாமணிநாதர் கோயிற் கல்வெட்டிலே சடங்கன்பாடி என்ற பெயர் காணப்படுகிறது. ஆக, சடங்கன்பாடியிலும் கடல் அலை புகுந்து பெயரை மாற்றிவிட்டது போலும்! கூடலூரில் நிகழ்ந்ததற்கு இது துணைச் சான்று. கடற்கரை ஊரின் பெயரிலே கடலைக் காணவேண்டும் என்ற ஆசை மக்களுக்கு இயல்பாகவே இருக்கிறது.

இனி, இன்றைய நிலையைப் பார்ப்போம். 1993ஆம் ஆண்டில் தென்னார்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று பின்னர்க் கடலூர் மாவட்டம் என்று பெயர் பெற்றது. ஆகவே கடலூர் என்ற பெயர் இப்போது ஒரு நகரத்துக்கு மட்டும் உரியதன்று; ஒரு மாவட்டம் முழுமைக்கும் உரியது. துறைமுகமோ பழைய நிலையில் இல்லை. பெரிய கப்பல்கள் கரையை அணுக முடியாமல் கடலிலே நங்கூரமிட்டு நிற்க, தோணிகள் சரக்கை ஏற்றி இறக்கிய துறை அது. சென்னையில் செயற்கைத் துறைமுகம் எழுந்தபின் பெருவாணிகம் அங்கே சென்றுவிட்டது. இன்று முதுநகர்த் துறையிலே மிகுதியாகக் காண்பவை மீன்பிடி படகுகளே.

2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழக அரசு 1,018 ஊர்களின் பெயரைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்று ஓர் ஆணை வெளியிட்டது. எந்த எழுத்தை எவ்வாறு கூட்டுவது என்பதில் பல கருத்துகள் எழுந்தன. சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஒலியை எழுத்தில் பிடிப்பது எவ்வளவு அரிய செயல் என்பதற்கு இது நம் காலத்துச் சான்று. கம்பெனியார் எழுத்தரைப் பார்த்து நாம் நகைப்பதற்கு முன் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

அப்படியானால் கடலூரை மறுபடியும் கூடலூர் ஆக்கவேண்டுமா என்று கேட்பீர்கள். அது தேவையில்லை என்பதே என் கருத்து. ஒரு பெயரைப் பல தலைமுறைகள் தம் பெயராகச் சொல்லி வாழ்ந்துவிட்டால், அதற்கு ஓர் உரிமை பிறந்துவிடுகிறது. தொடக்கத்தில் அது பிழையாக இருந்தாலும், வழக்கு அதனைச் சரியாக்கிவிடுகிறது. கடலூர் என்பதும் நல்ல தமிழே. ஆனால் பழைய பெயரை மறந்துவிடலாமா என்று கேட்டால், கூடவே கூடாது என்பேன். அதற்குக் காரணம் மொழிப்பற்று மட்டும் அன்று.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை, கடல் பொங்கி வந்து தேவனாம்பட்டினத்தையும் பக்கத்து மீனவர் ஊர்களையும் அடித்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடலூர் என்ற பெயரின் முன்பாதியைக் கடல் அன்று கொடுமையாக நினைவூட்டிற்று.

பதினோர் ஆண்டுகள் கழிந்தன. 2015ஆம் ஆண்டு நவம்பரில் பெருமழை பெய்தது. அதே மாவட்டத்து நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. ஆறுகளும் ஓடைகளும் கரை புரண்டன. வீடுகளும் வயல்களும் நீரில் மூழ்கின, பலர் உயிரிழந்தனர். இம்முறை வெள்ளம் கடலிலிருந்து வரவில்லை. நிலத்திலிருந்து கடலை நோக்கி வந்தது. மேற்கே பெய்த நீரெல்லாம் கடைசியில் வந்து சேரும் வாயில் அந்த நிலம். பல ஆறுகள் கூடும் இடம் தாழ்ந்த இடமாகத்தான் இருக்கும். அங்கே வெள்ளம் வரத்தான் செய்யும். இந்த உண்மையைப் பொறியியல் அறிக்கை எதுவும் இல்லாத காலத்திலே நம் முன்னோர் ஒரே சொல்லில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தச் சொல் கூடல்.

எனவே இரண்டு பெயரும் அந்த ஊருக்கு வேண்டும். கடலூர் என்று சொல்லும்போது கிழக்கே பார்க்கவேண்டும். கூடலூர் என்று நினைக்கும்போது மேற்கே பார்க்கவேண்டும். முதற் பெயர் கடலின் எச்சரிக்கை. இரண்டாம் பெயர் ஆறுகளின் எச்சரிக்கை. ஊருக்குத் திட்டமிடுவோரும், ஆற்றங்கரையில் வீடு கட்டுவோரும் இந்த இரண்டையும் மறவாதிருந்தால், அதுவே ஊர்ப்பெயர் ஆராய்ச்சியின் பெரும் பயனாகும். பெயரை ஆராய்வது பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

என்னைக் கேள்வி கேட்ட சோழபுரத்து மாணவருக்கும், அவரைப் போன்ற உங்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் கடல் இல்லை. ஆனால் மேற்கு மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் உண்டு, கண்மாய்கள் உண்டு, ஊருணிகள் உண்டு, வயல்களுக்கும் திட்டுகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அந்தப் பெயர்களுள் பல இன்று முதியவர்கள் நாவிலே மட்டும் வாழ்கின்றன. ஒரு கண்மாயின் பெயர் மறந்துபோனால், சில ஆண்டுகளில் அது வெறும் பள்ளம் எனப்படும். வெறும் பள்ளமானால் அதை மண்ணிட்டு மூடுவது எளிது. மூடிய இடத்திலே வீடு எழும். பெருமழை பெய்யும் நாளிலே நீர் தன் பழைய இடத்தைத் தேடி வரும். பெயர் அழிவதுதான் முதல் அழிவு. மற்றவை அதன்பின் வருவன.

ஆகவே ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தாவிடமும் பாட்டியிடமும் அமர்ந்து, ஒவ்வோர் ஓடைக்கும் கண்மாய்க்கும் வயற்பகுதிக்கும் என்ன பெயர், அப்பெயர் ஏன் வந்தது, முன்பு வேறு பெயர் உண்டா என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை, அவர்கள் ஒலிக்கும்படியே எழுதி வையுங்கள். உங்கள் காதை நம்புங்கள். கண்ணால் படித்ததைக் கொண்டு காதால் கேட்டதைத் திருத்தாதீர்கள். காதை நம்பாமல் கண்ணை நம்பியதால்தான் ஒரு கூடலூர் தன் பழம் பெயரை இழந்தது என்பதை இப்போது அறிவீர்கள்.

இது கல்லூரிப் பட்டம் பெற்றவர்தாம் செய்யவேண்டும் என்ற வேலை அன்று. எழுதப் படிக்கத் தெரிந்த எந்த மாணவரும் ஒரு கோடை விடுமுறையில் தொடங்கலாம். இன்னும் பல ஆண்டுகள் கழித்து, உங்கள் சோழபுரத்தில் ஒரு குழந்தை, “இந்த இடத்துக்கு ஏன் இந்தப் பெயர்?” என்று கேட்கும்போது, விடை சொல்ல உங்கள் குறிப்பேடு இருக்கட்டும்.